வரம்பு விலை

டோக்கியோவுக்குத் திரை வேலை செய்யாது.
நியூயார்க் என்றால் உங்கள் விரலே போதும்,
ஒன்பது டாலர் தொண்ணூற்றைந்து சென்ட்.
கடல் தாண்டிய சந்தைகள் எல்லாம்
மாங்க்டனில், மூடிப்போன மெத்தைக்கடையின் மாடியில்,
என் காதுக்கு வந்து சேரும்.
என் குரலுக்கு நாற்பத்து மூன்று டாலர்.
அதில் எனக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

மலிவுத் தரகர் என்று எங்களுக்குப் பெயர்.
மலிவு என்றால், அபிப்பிராயம் கிடையாது.
வாங்கலாமா என்று யார் கேட்டாலும்
'நாங்கள் ஆலோசனை தருவதில்லை.'
அட்டையில் எழுதி விளக்கின் கழுத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கள், இரவு எட்டேகால்.
தண்டர் பேயிலிருந்து தைமி லெஹ்டோவாரா.
படகுகளுக்குக் கித்தான் உறை தைக்கிறவர்.
ஊசிப் பெட்டியைப் பார்த்துக் கம்பெனிப் பெயரை
எழுத்தெழுத்தாக வாசித்தார்.
தேடினேன். இருந்தது. நான்கு இலக்க எண்ணாக.

"அறுபது பங்கு."
அங்கே நூறு நூறாகத்தான் தருவார்கள் என்றேன்.
பென்சில் ஓடும் சத்தம். நின்றது. மறுபடி ஓடியது.
"அப்படியானால் நூறு.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு யென்.
அதற்கு மேல் ஒரு யென்னும் இல்லை."

அன்று விலை ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.
ஆணை விடியுமுன்னே செத்தது.
மறுநாள் அதே நேரம், அதே விலை.
பத்தரைக்கு எண்கள் அசையாமல் நின்றன.
டோக்கியோ மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறது என்றேன்.
"சந்தைக்கும் பசிக்குமா?"
அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

புதன்கிழமை தொண்ணூற்றொன்று வரை இறங்கியது.
ஒரே ஒரு யென்.
"நம் காசில் அது எவ்வளவு?"
ஒரு சென்ட்டுக்கும் குறைவு.
"நூறு பங்குக்கு?"
ஒரு டாலர்கூட வராது.
யோசித்தார். பின்னால் ஏதோ கெட்டில் கத்தியது.
"வேண்டாம். சொன்னது சொன்னதுதான்."

வியாழன் எட்டேகால். அழைப்பு இல்லை.
ஒன்பது மணிக்கு ஆயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டு.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் கணக்கு எனக்கு மனப்பாடம்,
அவர் எண் என் திரையின் மூலையில்.
இந்த மேசையிலிருந்து யாரையும் அழைக்கக் கூடாது.
வாங்குவதற்கு அவர் வாய் வேண்டும்.
ஃபிராங்க்ஃபர்ட்டில் விற்கச் சொல்லி நாளைக்கான ஆணை தந்த
ஹாலிஃபாக்ஸ் பல்மருத்துவரிடம்
ஒரு எண்ணைத் தவறாக வாசித்து மன்னிப்புக் கேட்டேன்.

பத்து ஐம்பதுக்குத்தான் வந்தார்.
மருத்துவமனையில் இருந்தாராம்.
ஊசி ஆள்காட்டி விரலுக்குள் போய் ஒடிந்துவிட்டது.
"இவர்களுடையது இல்லை," என்று அவசரமாகச் சொன்னார்,
"முதலாளி மலிவாக வேறு எங்கோ வாங்கியது.
பத்தொன்பது வருஷத்தில்
இவர்கள் ஊசி ஒன்றுகூட என்னிடம் ஒடிந்ததில்லை."

டோக்கியோ இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.
கடைசி விலை எண்பத்தொன்பது.
ஆணையை வாசலில் நிறுத்திவைத்தேன்.
பதினொன்றரைக்குச் சந்தை எழுந்தபோது
ஆயிரத்து எண்ணூற்று ஆறு.
என்ன தின்றார்களோ தெரியவில்லை.

"ரெஜான்," என்றார், முதல்முறையாகப் பெயர் சொல்லி,
"நீங்களாக இருந்தால்?"

அட்டையைப் பார்த்தேன்.
கூரையில் பனி சறுக்கி விழுந்தது.
பிறகு வாசித்தேன், முழு வாக்கியத்தையும்.
சிரித்தார். "வாசிப்பது தெரிகிறது.
சரி, கிடைக்கிற விலைக்கு எடுங்கள்."

ஆயிரத்து எண்ணூற்றேழுக்கு நூறு பங்கு.
நாணயம் மாற்றிய கூலி தனி, என் குரல் தனி.
உறுதி எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.
இடது கையால் எழுதுகிறேன், மெதுவாகச் சொல்லுங்கள் என்றார்.
மெதுவாகச் சொன்னேன்.

தரம் பார்க்க எங்கள் அழைப்புகளை
டொராண்டோவில் யாரோ கேட்பார்களாம், நூற்றுக்கு ஒன்று.
இது அவர்கள் கையில் சிக்கினால்
விதி எதுவும் மீறப்படவில்லை.
ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில்
நான்கு நொடி இருக்கும்.
அந்த நான்கு நொடியில்
வாங்குங்கள் என்றுதான் இருந்தேன்.