கண்ணாடி அளவு

வந்தது சரியா என்கிறான்
கேமராவோடு நிற்கும் பையன்.
மிஸ்ராத்தாவில் எல்லோரிடமும் கேட்கிறானாம்.

கூப்பிட்டதே நாங்கள்தான்.
மொட்டைமாடியில் சுண்ணாம்பால்
வானத்துக்குப் புரியும்படி எழுதினோம்.
டாங்கி தெருமுனையில்.
இப்திஸாம் தலையணைக்குள் தும்மினாள்;
நான்கு வயது, எப்படியோ தெரிந்திருக்கிறது.

விமானம் வந்தது. டாங்கி எரிந்தது.
மகள் இப்போது வாய்விட்டுத் தும்முகிறாள்.
அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நேற்று எதிர்வீட்டு மப்ரூக்கா அழைத்தாள்.
சட்டமே இல்லை, சுவரும் இல்லை,
கண்ணாடியை எதில் பொருத்த?
விலை கேட்டாள். சொன்னேன்.

வந்தவர்கள் போனபின்
எங்கள் பிள்ளைகளே சுட்டுக்கொள்கிறார்கள்.
வாரத்துக்கு ஒன்பது ஜன்னல்.

சரியா, தவறா?
டேப்பின் அந்த முனையைப் பிடி தம்பி.
தளர விடாதே.