கண்ணாடித் தரை

நாற்பது மீட்டர் உயரத்தில் என் இருக்கை.
காலுக்குக் கீழே கண்ணாடி.
ஷிப்டு முழுக்கக் குனிந்தபடி
இரண்டு பாதங்களுக்கு நடுவே பார்த்துத்தான்
பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறேன்.
அதனால்
கணுக்கால் வீங்கியதைத்
தவமணிக்கு முன்னால் நானே பார்த்தேன்.

காலுறை கழற்றினால் வளையமாய்ப் பள்ளம்.
விரலால் அழுத்தினால்
குழி கொஞ்சம் நின்று யோசித்து
மெல்ல மேலே வரும்.

உட்கார்ந்தே வேலை, அதான் என்றான் ஆ ஹுவாட்.
உப்பு என்றாள் தவமணி,
ஊறுகாய்ப் போத்தலை ஒளித்துவைத்தாள்.
புளோக் அடி கிளினிக்கில் புது டாக்டர்
நீர் பிரிய ஒரு மாத்திரை தந்தார்.

பிரிந்தது.
பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் காத்திருக்க,
ரேடியோவில் ஆள் கத்த,
ஒரே இரவில் ஆறு தடவை
பாரந்தூக்கியிலிருந்து இறங்கி ஏறினேன்.
பிறகு கெண்டைக்கால் இழுத்தது.
அதற்கும் ஒன்று தந்தார்கள்.
வீக்கம் மட்டும்
முன்பணம் கட்டிய குடித்தனக்காரனைப் போல
அசையவில்லை.

கிளமெண்டி பலதுறை மருந்தகம். என் எண் 4117.
சன்னலுக்குப் பின்னால் ஹஸ்லிண்டா
பையை நிரப்பாமல்
அட்டைகளை வரிசையாக அடுக்கினாள்,
வாங்கிய தேதிப்படி.
“எது முதல்ல வந்தது அங்கிள்,
வீக்கமா, இந்த வெள்ளை மாத்திரையா?”

பிரஷர் மாத்திரை
ஐந்திலிருந்து பத்தானது ஜூனில்.
வீக்கம் ஜூலையில்.
இரண்டையும் ஒரே காலண்டரில்
நான் வைத்துப் பார்த்ததே இல்லை.

அந்த வெள்ளைச் சனியனை
இன்றைக்கே குப்பையில் போடுகிறேன் என்றேன்.
அவள் தலையாட்டவில்லை.
“நூற்றெழுபதை நூற்று முப்பதாக்குனதும் இதுதான்.
நீங்களா நிறுத்தாதீங்க.
டாக்டர்கிட்ட நான் பேசுறேன்.”

நாற்பது டன்னை
நூலளவு பிசகாமல் இறக்கத் தெரிந்தவன்.
பத்து மில்லிகிராம்
எந்தப் பக்கம் சாய்கிறதென்று
நான்கு மாதம் தெரியவில்லை எனக்கு.

இப்போது வெள்ளை மறுபடி ஐந்து.
கூடவே இளஞ்சிவப்பில் புதிதாக ஒன்று.
நீர் மாத்திரை போயிற்று,
கெண்டைக்கால் மாத்திரையும் போயிற்று.
புதியதற்கு வறட்டு இருமல் வரலாம், வந்தால் சொல்லவேண்டும்;
உதடோ நாக்கோ வீங்கினால்
ஒரு நிமிடமும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு.
மஞ்சள் தாளில் எழுதித் தந்திருக்கிறாள்,
மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

நேற்றிரவு மூன்று மணி.
கண்ணாடியில் கடல், விளக்கு, பெட்டி.
காலணி நாடா சற்றுத் தளர்ந்திருந்தது.
ஒருமுறை இருமினேன்.
கேபின் ஏசியாக இருக்கும்.
இருந்தாலும்
பேனாவைத் தேடியெடுத்துத்
தேதியைக் குறித்தேன்.