ஏழாவது படி

தம்பெரேயில் ஓர் அலுவலகம், மூன்றாம் மாடி.
பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிட்ட ஜன்னல்.
கையருகே ஆறிப்போன காபி.
திரையில், ஒரு சொல்லும் நான் மாற்றக்கூடாத வாக்கியம்:

"ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.
அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து.
இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?"

அன்றைக்கு நாற்பத்தோராவது எண்.
கயானிக்கு வடக்கே, ஏரியோரத்துச் சிற்றூர்.
எடுத்தவர் சிரித்தார்.
"ஏணியா? எனக்கா?
முப்பத்திரண்டு வருஷம் புகைபோக்கி துடைத்தவன் நான்.
கற்பனை எதற்கு?
எந்த வீட்டு ஏணியில் எந்தப் படி ஆடும் என்று
இருட்டிலும் சொல்வேன்."

பெயர் கேட்கக்கூடாது என்பது விதி.
அவராகவே சொன்னார்: உர்ஹோ.

"போன வருஷம் கேட்டிருந்தால் ஒன்று என்றிருப்பேன்.
இல்லை,
ஃபோனையே எடுத்திருக்க மாட்டேன்.
நவம்பர் மாதம். ஒரு கூரைமேல் ஏறிவிட்டு
இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.
அந்தப் பக்கம் ஏணி, இந்தப் பக்கம் வெறும் ஓரம்.
இரண்டும் ஒரே தூரம்.
கீழே வீட்டுக்காரி, சூப் ஆறுகிறது என்று கத்துகிறாள்.
சூப்புக்காக இறங்கினேன் என்றே வைத்துக்கொள்."

சுகாதார நிலையத்துக்கு
வியாழக்கிழமை மட்டும் வருகிற மனநல நர்ஸ்,
ஹில்க்கா.
முதல் மூன்று வாரம் இவர் வாய் திறக்கவில்லை.
அவளும் அவசரப்படுத்தவில்லை,
பச்சை ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தாள்.
நாலாம் வாரம்,
"கை ரொம்ப நீளமாகப் போகிறதே" என்றாராம்.
அந்தக் குளிர்காலத்தில்
அவர் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.
அவள் பிரித்துவிட்டு மறுபடி பின்னினாள்.
அப்படித்தான் பேச்சு தொடங்கியது.

திரையோரத்தில் நிமிடங்கள் சிவந்துவிட்டன.
"ஒரு எண் போதும்," என்றேன்.

"ஏழு என்று எழுது.
அதில் நாலு அவளுடையது.
அப்படிப் பிரித்து எழுத இடம் இருக்கிறதா?"

இல்லை. ஒரே ஒரு கட்டம்.

"ஜனவரியிலிருந்து அவள் வரமாட்டாள்.
அந்த அறையைப் பூட்டுகிறார்கள், செலவு மிச்சமாம்.
வேண்டுமென்றால் கயானிக்கு வா என்கிறார்கள்.
காலையில் போக ஒரு பஸ்.
திரும்பி வர, மறுநாள்.
ஏணியை எவனும் தூக்கிப்போகவில்லை,
உண்மைதான்.
கீழே நின்று பிடித்தவளைத்தான்
போகச் சொல்லிவிட்டார்கள்."

நான் ஏழை அழுத்தினேன்.

வசந்தத்தில் பட்டியல் வரும்.
எங்கள் நாடு மேலேயே எங்கோ இருக்கும்.
ஏரிகள், நீராவிக் குளியல், பள்ளிக்கூடங்கள் என்று
வெளியூர்க்காரர்கள் காரணம் எழுதுவார்கள்.
பிரித்துப் பின்னிய ஒரு ஸ்வெட்டர் கையை
எவர் கணக்கில் சேர்ப்பது?

வைப்பதற்கு முன் கேட்டார்:
"நீ எந்தப் படியில் நிற்கிறாய்?"

பதில் சொல்லக்கூடாது, அதுவும் விதி.
"தங்கள் நேரத்துக்கு நன்றி" என்பதை
எழுதியிருந்தபடியே வாசித்தேன்.
கடைசிச் சொல்வரை காத்திருந்துதான் வைத்தார்.

நாற்பத்திரண்டாவது எண்
தானாகவே அழைக்கத் தொடங்கியது.
ஆறு மணியோடு துண்டிக்க வேண்டும்.
ஏழு, எட்டு.
யாரும் எடுக்கவில்லை.
நான் இன்னும் கொஞ்சம் ஒலிக்கவிட்டேன்.