கூடுதல் எடை

வடகடல் எண்ணெய் மேடையில்
ஹெலிகாப்டர் ஏறுவோர் பைகளை நிறுப்பவன் நான்.
டிசம்பர் இருபத்திரண்டு. காற்று சற்றே அடங்கியிருந்தது.

வெல்டர் ஹால்வார்டின் பைக்குள் ஒரு குதிரை.
தேய்ந்த போல்ட் கால், நட்டுக் குளம்பு,
கம்பித் தூரிகையைப் பிய்த்துப் பிடரி.
பதினோரு இரவு, ஷிப்ட் முடிந்த பிறகும்
பட்டறையில் பொறி பறந்தது இதற்குத்தானா!

ஒன்றரைக் கிலோ அதிகம்.
கம்பளிச் சட்டையை எடுத்தான். சவரப் பெட்டியை எடுத்தான்.
பூட்ஸையும்.
முள் இன்னும் இறங்கவில்லை.
அவன் என்னைப் பார்த்தான்,
நான் முள்ளைப் பார்த்தேன்.
வாலைத் திருகிக் கழற்றி
என் மேசைமேல் வைத்துவிட்டு ஓடினான்.

ஜனவரியில் ஒரு தபால் அட்டை, பென்சில் எழுத்து:
"குதிரை நலம்.
வால் உங்களிடம் வளர்கிறதாம், அப்பா சொன்னார்.
இப்போது எவ்வளவு நீளம்?
சிக்னே."