கொஞ்சம் என்றால்

ஓலுவில் டிசம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
அறிக்கைகளை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு
ரைலி டீச்சர் ஜன்னலோரம் போய்விட்டார்.

பனிக்கட்டியில் கொஞ்சம் உப்பு போட்டேன்,
சீக்கிரம் உருகியது என்று எழுதியிருந்தேன்.
ஓரத்தில் பிஹ்லாவின் பென்சில்:
கொஞ்சம் என்றால் எவ்வளவு?
சீக்கிரம் என்றால் எதைவிட?
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
'எல்லோரும் அறிந்ததே' என்கிறாய்.
எனக்குத் தெரியாதே.

காது சுட்டது.
பழி தீர்க்கிற ஆசையோடு
அவள் தாளைத் திருப்பினேன்.

கிராம், நிமிடம், அட்டவணை,
அடிக்கோல் வைத்து இழுத்த கோடு.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
மூன்றாவது அளவீடு மட்டும்
பாடப்புத்தகத்தில் உள்ளபடியே,
ஒரு புள்ளி பிசகாமல்.

எழுதலாமா?
பேருந்துக்கு ஆறு நிமிடம் இருந்தது.
எழுதினேன்:
இது நீ பார்த்த எண்ணா?

அவள் நிமிரவில்லை.
அந்தக் கட்டத்தின் மேல்
அழிப்பான் வெகுநேரம் நின்றது.

மறுநாள் வந்த படியில்:
மூன்றாம் முறை தெர்மாமீட்டர் கைநழுவி உடைந்தது.
அளவு இல்லை.

அவள் எழுதியதிலேயே
எனக்குப் பிடித்தது அந்த இரண்டு வாக்கியம்.
சொல்லவில்லை.

என் அறிக்கையில் இப்போது
பதினெட்டு கிராம் உப்பு.
தராசு எது என்று கேட்டிருக்கிறாள்.