தாள் ஐம்பத்தேழு, இரண்டாம் பதிப்பு

மசேரு அலுவலகத்தில் நான்காவது இழுப்பறை
உதைத்தால்தான் திறக்கும்.
உதைத்து எடுத்து விரித்தேன்.
மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது மேட்டுநிலம்.

மாபொலொகெங் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தாள்,
போர்வையைக் குத்திய ஊக்கு ஒரு சாண் நீளம்.
விடியுமுன் குதிரை, பிறகு இரண்டு பேருந்து.
"என் பட்டி எங்கே, காட்டு."

பழுப்புக் கோடுகள்.
நெருங்கி நின்றால் செங்குத்து,
விலகி நின்றால் மாடு படுக்கும்.
இருபது மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு;
இரண்டு கோட்டுக்கு நடுவே என்ன இருக்கிறதென்று
வரைபடத்துக்குத் தெரியாது,
பாறையோ, பனி பொறுக்காமல் செத்த குட்டியோ.

அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று
நான் நினைத்து முடிப்பதற்குள்
அவள் விரல் ஓடையைப் பிடித்து ஏறி
கணவாய் கடந்து
உப்புக்கல் வைக்கும் திட்டைச் சுற்றி
நீலத்தில் முட்டி நின்றது.

நீலத்துக்குள் கோடே இல்லை.
இரண்டாயிரத்து அறுபதோடு
மலை முடிந்துவிட்டதுபோல ஒரே பூச்சு.
பூசியது நான்தான்.
அணை நிரம்பிய வருடம், வேலைக்குப் புதிது,
ஓரம் தாண்டாமல் பூசினேன் என்று பாராட்டினார்கள்.

"இதற்கு அடியில்" என்றாள்.
"தண்ணீர்."
"இப்போது இல்லை."

மூன்று மழை பொய்த்து
பட்டியின் கல்சுவர் முழுசாக வெளியே வந்துவிட்டதாம்.
சேறு காய்ந்து, வெடித்து, வெடிப்பெல்லாம் புல்.
மேட்டில் எங்குமே இல்லாத புல்.
ஏழு மாட்டை இறக்கிவிட்டாள்.
காவலாள் மொலிபெலி குறுக்கே வந்து
சட்டைப்பையிலிருந்து இதே தாளை விரித்தான்:
நீலத்தில் மேய்க்கக் கூடாது.

மாடுகள் அதற்குள்
நீலத்தில் வெகுதூரம் மேய்ந்திருந்தன.

"நிலத்துக்கு இழப்பீடு வாங்கினாயே?"
"வாங்கினேன். தண்ணீருக்குத்தான் கொடுத்தேன்.
தண்ணீர் எங்கே?"

எல்லைக்கு அந்தப்பக்கம், குழாய்களில்,
யாரோ தோட்டத்துக்கு விட்டுக்கொண்டிருக்கலாம்.
சொல்லவில்லை.
நகல் எடுத்துத் தருகிறேன் என்றேன்,
அது மட்டும்தான் என் அதிகாரத்தில் இருந்தது.

எங்கள் இயந்திரம் பழையது.
கறுப்பை எடுக்கும், பழுப்பைக் கொஞ்சம் எடுக்கும்,
வெளிர்நீலம் அதன் கண்ணுக்குத் தெரியாது.
சூடாக வெளியே வந்த தாளில்
மலை மலையாக இருந்தது,
நடுவே வெறும் வெள்ளை.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.
"முத்திரை" என்றாள்.
வைத்தேன்.
நாலு மலோட்டி எண்ணி வைத்துவிட்டு,
நாலாக மடித்துப் போர்வைக்குள் செருகி,
கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.