கத்தரிக்கு எட்டாதது

சொவாசிக் ஆஸ்பத்திரியில் கிடந்த அக்டோபரில்
பக்கத்து வீட்டுக் குல்வென்
உதவி என்று நினைத்து
அவள் ஹைட்ரேஞ்சியாவை
முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டான்.

பழைய தண்டில்தான் அது பூக்கும்.
காய்ந்த பூவைக்கூட மார்ச் வரை கிள்ளக் கூடாது,
பிரெத்தாஞ் பனியில்
மொட்டுக்கு அதுதான் கம்பளி.
அவனுக்கு யார் சொன்னார்கள்?

ஜூலையில் இலை. இலை. இலை.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
ஊன்றுகோலோடு வந்து தண்ணீர் ஊற்றினாள்.
கூரையிலிருந்து விழுந்த சிலேட்டை நொறுக்கி
வேரடியில் புதைத்தாள்,
நீலம் ஏறட்டுமென்று.
எதில் ஏறும்?

மதிலுக்கு இந்தப் பக்கம்,
அவன் விறகு அடுக்குக்குப் பின்னால்
எப்படியோ தாண்டி வந்திருந்த
ஒற்றைக் கிளை.
அதில் ஒரு பூங்கொத்து,
குழந்தைத் தலை அளவு.

மூன்று நாளாகக் குல்வென்
விறகெடுக்கப் போய்ப் போய்
வெறுங்கையோடு திரும்புகிறான்,
இந்த வெயிலில்.